ஆவுடையப்பன் நின்ற காரணம்

“ஏன் அங்கேருந்து நின்னீங்கன்னு கேக்காங்க சாமி. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆவுடையப்பன் இதைச் சொல்லிவிட்டார்.

அவர் ஓட்டல் சமையல்காரர். ஐம்பத்தாறு வயது. மடத்துச் சாமிக்கு முப்பத்தைந்து இருக்கும். ஆனாலும் மாதம் ஒருமுறை ஆவுடையப்பன் வந்து அவர் எதிரில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். என்ன கிடைக்கிறது என்று கேட்டால், சும்மா உட்காரக் கிடைக்கிறது என்பார்.

அன்று பௌர்ணமி. மடத்தில் நாற்பது பேருக்குச் சாப்பாடு.

சாமி அவரை உட்காரச் சொன்னார். இனி எழுந்திருக்கப் போவதில்லை என்பவர்போல அவர் உட்கார்ந்தார்.

ஐந்து இடத்தில் வேலை கேட்டாகிவிட்டது என்றார். ஆறாவது ஓட்டலில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அதனால் அதைச் சேர்க்கவில்லை.

முதல் இடத்தில் உண்மையைச் சொன்னாராம். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நேற்றைய சாம்பாரை இன்றைய சாம்பாரில் ஊற்றச் சொன்னார்கள், பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன் என்று. அந்த முதலாளி பொறுமையாகக் கேட்டார். நாளைக்கு என்னைப் பற்றியும் இப்படித்தான் ஊரெல்லாம் சொல்வீர் என்றார். ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

காபி நன்றாக இருந்தது என்றார் ஆவுடையப்பன்.

இரண்டாவது இடத்தில் உடம்புக்கு முடியவில்லை என்றார். நெருப்புக்கு முன்னால் நிற்க முடியாத ஆள் எனக்கு எதற்கு என்றார்கள். அடுத்த இடத்தில் சம்பளம் போதவில்லை என்றார். இங்கேயும் அதேதான் என்றார்கள்.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. பழைய முதலாளியைப் புகழ்ந்து தள்ளினார். அவ்வளவு தங்கமான மனுஷனை ஏன் விட்டுவிட்டு வந்தீர் என்று கேட்டார்கள்.

ஐந்தாவது இடத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

“திருட்டுக் கேஸான்னு கேட்டுட்டாங்க சாமி.”

சாமி சிரிக்கவில்லை.

நாளை காலை தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரரைப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் திருப்பூரில் மகன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. மகன் அளவு கேட்காமலே காக்கிச் சட்டை வாங்கி வைத்துவிட்டானாம். வீட்டில் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். பெரிய பாத்திரங்களை மட்டும் கட்டவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறாள்.

“ஒரே ஒரு பதில் சொல்லிக் குடுங்க சாமி. மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்.”

சாமி சமையற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“சோறு ஆயிருச்சு. கூட்டும் ஆயிருச்சு. ரசம்தான் பாக்கி. இன்னைக்கு ஆள் வரல.”

இங்கேயும் பதில் கிடைக்காது என்றுதான் ஆவுடையப்பன் நினைத்தார். ஆனாலும் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

சமையற்கட்டில் கோமு மிளகும் சீரகமும் தட்டிக்கொண்டிருந்தாள். மடத்தில் பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது, சாமியை அதட்டுவது எல்லாம் அவள்தான்.

“வாங்க அண்ணாச்சி. எங்க சமையல்காரர் ஏன் வரலன்னு சொல்லல. நீங்க ஏன் வந்தீங்கன்னு நானும் கேக்கல.”

ஆவுடையப்பன் அண்டாவை அடுப்பில் ஏற்றினார். புளித் தண்ணீரை ஊற்றினார். தக்காளியைக் கையால் பிசைந்து போட்டார். உப்பு, மஞ்சள், பெருங்காயம். கை தானாகவே அளந்தது. எட்டு மாதமாக அந்தக் கை சும்மா இருந்தது.

சாமி ஒரு மணையை இழுத்துப் போட்டு அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“நான்தான் மண்டபத்துக்காரன். சொல்லுங்க. ஏன் அங்கேருந்து நின்னீங்க?”

ஆவுடையப்பன் நிமிர்ந்து நின்று, முதலாளியிடம் பேசுவதுபோல, பழைய சாம்பார்க் கதையைச் சொன்னார். முதலாளி எப்படிப்பட்டவர், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு என்னவெல்லாம் பேசுவார், எண்ணெயை எத்தனை முறை காய்ச்சச் சொல்வார் எல்லாம் சொன்னார்.

சாமி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், முதல் தடவை கேட்பவர்போல மறுபடி கேட்டார்.

“ஏன் நின்னீங்க?”

புளி கொதித்தது. பச்சை வாசனை போய்விட்டதா என்று ஆவுடையப்பன் ஆவியை முகர்ந்து பார்த்தார். இந்த முறை உடம்பைச் சொன்னார். முழங்கால், கண் எரிச்சல். சொல்லும்போதே சலித்துப்போய் நிறுத்திவிட்டார்.

“நம்ம சாமிகிட்டயும் வர்றவங்கல்லாம் இதத்தான் கேக்காங்க” என்றாள் கோமு. “ஏன் வீட்ட விட்டு வந்தீங்கன்னு.”

“சாமி என்ன சொல்லுவாங்க?”

“சாப்டாச்சான்னு கேப்பாங்க. வந்தவங்க கேள்விய மறந்துருவாங்க.”

ஆவுடையப்பன் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. பருப்புத் தண்ணீரை விளாவி ஊற்றினார். கோமு தட்டி வைத்திருந்ததை வாங்கித் தூவினார். விறகு ஒன்றை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தார்.

“ஏன் நின்னீங்க?” என்றார் சாமி.

ஆவுடையப்பன் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரிடமும் சொல்லாததுபோல, அடுப்பிடம் சொன்னார்.

“பழச ஊத்தச் சொன்னாரு. மாட்டேன்னுதான் சொன்னேன். சத்தம் போட்டாரு, ஊத்தினேன். அவர் நின்னு பாக்குற அன்னைக்கு ஊத்துவேன். பாக்காத அன்னைக்குக் கீழ கொட்டிருவேன். அப்படியே ஓடிட்டு இருந்துச்சு. ஒரு நாள் விடியக்காலம். கடைக்கு யாரும் வரல. முதலாளி ஊர்லயே இல்ல. புதுச் சாம்பார் வச்சேன். நல்ல வாசம். இறக்கி வச்சுட்டுத் திரும்புதேன்…”

உரலைக் கழுவிக்கொண்டிருந்த கோமு கையை நிறுத்தினாள்.

“யாரும் சொல்லல சாமி. என் கை பாட்டுக்குப் போயி அந்தப் பழைய சாம்பார்க் குண்டானை…”

அண்டாவின் ஓரத்தில் மஞ்சள் நுரை எழுந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்குக் கூடி வந்தது.

ஆவுடையப்பன் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டார். கரித்துணியை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து அண்டாவை இறக்கிக் கீழே வைத்தார்.

“ஏன் இறக்குனீங்க?” என்றார் சாமி. அதே குரல்.

“நுரை கட்டிருச்சு.”

“நாங்கூட இன்னும் கொஞ்சம் கொதிக்கும்னு நெனச்சேன்.”

“சாமிக்குத் திங்கத்தான் தெரியும்” என்றாள் கோமு.

சாமி அவள் பக்கம் திரும்பவில்லை.

“அடுப்பு சரியில்லையா?”

“அடுப்புக்கு என்ன சாமி. நல்லாத்தான் எரியுது.”

“விறகு ஈரமா?”

“காஞ்ச விறகுதான். எதுலயும் ஒரு குறையும் இல்ல.”

“அப்புறம் ஏன் இறக்குனீங்க?”

இவ்வளவு தெரியாதவரா என்று ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

“இறக்குற நேரம் வந்துருச்சு சாமி. இதுக்கு மேல அங்க இருந்தா கெட்டுப்போகும்.”

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றார். கரித்துணி கையிலேயே இருந்தது.

சாமி மணையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

“கோமு, இலை போடு” என்றார்.