ஊமைக் கட்டை

கடற்கரை ஊர் ஒன்றில் நான்கு வாத்தியங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஜாஸ் வாசித்துவந்தன. பியானோ, சாக்ஸபோன், டிரம், அப்புறம் ஆளுயரத்துக்கு நிற்கும், தடித்த தந்திகள் கொண்ட பேஸ். வாசிக்கும் ஆட்கள் எங்கே என்று கேட்காதீர்கள். கதைதானே, அவையே வாசித்துக்கொள்ளும்.

சேர்ந்த புதிதில் அவை ஊரோடு ஒத்துத்தான் வாசித்தன. கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ் விருந்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், கேட்ட பாட்டை வாசித்துவிட்டு வரும். அப்படி ஒரு மேடையில்தான் பியானோவுக்கு அந்தச் சங்கடம் வந்தது. நடுவிலிருந்த ஒரு கட்டையை அமுக்கினால் சத்தமே வரவில்லை. உப்புக்காற்று உள்ளே புகுந்து எதையோ தின்றுவிட்டது போலிருக்கிறது. பாட்டோ பாதியில் நிற்கிறது. பியானோ பதறிப்போய் அந்தச் சுரத்தை விட்டுவிட்டு, எங்கேயோ மேலே இருந்த இன்னொரு கட்டைக்கு ஒரே தாவாகத் தாவியது.

சபை எழுந்து நின்று கைதட்டியது. இப்படி ஒரு தாவலை யாரும் கேட்டதில்லை என்று மறுநாள் பத்திரிகை எழுதியது. பியானோவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். பாராட்டை வேண்டாமென்று தள்ளவும் முடியாது, உள்ளதைச் சொல்லவும் முடியாது. ஊமைக் கட்டை உள்ள பியானோ நமக்கு எதற்கு என்று மற்ற மூன்றும் வேறு ஒன்றைத் தேடிப் போய்விட்டால்?

அதனால் அது வாயைத் திறக்கவில்லை. வருஷக்கணக்காகத் தாவிக்கொண்டேயிருந்தது. ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே, ஒருநாள் இரண்டுக்கும் நடுவே திண்டாட்டம். அது தாவத் தாவ மற்றவையும் ஏறுக்குமாறாக வாசிக்க ஆரம்பித்தன. சாக்ஸபோன் நேராகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஏதோ சந்துக்குள் திரும்பிவிடும். டிரம் ஒரு தட்டை விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி அடுத்த தட்டில் வந்து நிற்கும். பேஸ் நிதானமாக இறங்கிவந்து, ஒரு படியை விட்டு அடுத்த படியில் கால்வைக்கும். கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். சோதனை இசை என்றார்கள், புதுமை என்றார்கள். தலை நரைத்த பிறகும் அதே நால்வரைக் கேட்க வந்தார்கள்.

பியானோ மட்டும் ஒவ்வொரு கச்சேரியிலும் செத்துச் செத்துப் பிழைத்தது. தன் ஓட்டையை மறைக்கவே அதற்கு நேரம் சரியாக இருந்தது. மற்றவை வாசிப்பதை ஒருநாளும் அது நிம்மதியாகக் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

இப்படியிருக்க, ஊரில் புது அரங்கம் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு நால்வரின் கச்சேரிதான். வாத்தியங்களை முன்கூட்டியே சரிபார்த்துவிட வேண்டும் என்று அரங்கக்காரர்கள் பெர்க்மான்ஸ் என்பவரை அனுப்பிவைத்தார்கள். பியானோ தன் மூடியை இறுக்கிக்கொண்டது. நல்லவேளை, மற்ற மூன்றும் கடற்கரையில் காற்று வாங்கப் போயிருந்தன. பெர்க்மான்ஸ் மூடியைத் திறந்தார், இதையா இத்தனை நாள் இப்படியே போட்டு வைத்திருந்தார்கள் என்று அங்கலாய்த்தார், ஆற அமர உட்கார்ந்து சரிசெய்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பியானோ மெதுவாக அந்தக் கட்டையை அமுக்கிப் பார்த்தது. கணீரென்று பேசியது. பியானோவுக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே பயமும். இனித் தாவ வேண்டியதில்லை, சரி. தாவாவிட்டால் தன்னிடம் வேறு என்னதான் இருக்கிறது? ஆனாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும் என்று ஒரு முடிவுக்கு வந்தது. இன்று அந்தச் சுரத்தைச் சபையறிய வாசித்துவிடுவது, வருவது வரட்டும்.

கச்சேரி களைகட்டியது. வழக்கமாகத் தாவும் இடமும் வந்தது. பியானோ தாவவில்லை. கட்டையை நேராக அமுக்கியது.

மற்ற மூன்றும் சட்டென்று நின்றுவிட்டன. குட்டு உடைந்தது, தொலைந்தோம் என்று நினைத்தது பியானோ. சபையோ அந்த மௌனத்தையும் புதுமை என்று எடுத்துக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே, இத்தனை வருஷமும் இந்தக் கட்டை ஊமை, உங்களை ஏமாற்றித்தான் வாசித்தேன் என்று மூன்றிடமும் பியானோ போட்டு உடைத்துவிட்டது.

"அது அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி," என்றது சாக்ஸபோன். "நாங்க நின்னது அதுக்கில்ல. இந்தச் சுரத்தை வாசிச்சு எங்களுக்குப் பழக்கமே விட்டுப்போச்சு. எங்க பிடிச்சு எப்படிப் போறதுன்னு தெரியல."

பியானோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களிடம் அந்தச் சுரம் நன்றாகத்தானே இருந்தது, நீங்கள் ஏன் வாசிக்காமல் விட்டீர்கள் என்று கேட்டது.

பேஸ் தன் கனத்த குரலில் சொன்னது:

"உம்மகிட்ட இல்லாத சுரம் எங்களுக்கு மட்டும் எதுக்குவே?"