எரியாத இரண்டு சிலிண்டர்

ஓமலூருக்கு அப்பால் இருந்த அந்த மடத்தை மடம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஓட்டுக் கூடம் ஒன்று, தகரக் கொட்டகை இரண்டு. குரு நிறைமதி அம்மாவுக்கு நாற்பது வயது. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள் என்பதால் ஐயா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சீடர் தனக்கோடிக்கு அறுபத்து மூன்று. இருபது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அவர் மனைவி பாவாயி அதே வேனில் ஆயாவாக இருந்து பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள். மகள் கோமதி பிரசவத்தில் போன நாளிலிருந்து பாவாயி பேசுவதில்லை. கணவர் எழுந்தால் எழுவாள். அவர் சாப்பிட்டால் சாப்பிடுவாள். பூசையில் பக்கத்தில் உட்காருவாள். வார்த்தை மட்டும் கிடையாது. இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் காலையில் தனக்கோடி அம்மாவிடம் வந்து நின்றார். பாவாயி அவருக்குப் பின்னால் நின்றாள்.

“அம்மா, ஏற்காட்டுல ஒரு காப்பகம் இருக்குதுங்க. இந்த மாதிரி ஆளுங்களப் பார்த்துக்குவாங்களாம். மச்சான் பேசி வெச்சிட்டாரு. இன்னிக்கே கொண்டுபோய் விட்டுரலாம்னு இருக்கேன்.”

“ஏன் ஐயா?”

“இவ இங்க இல்லீங்கம்மா. உடம்பு மட்டுந்தான் இருக்குது. பார்த்துப் பார்த்து எனக்கு உசுரே போகுது. இவளைக் கூட வெச்சுக்கறதா, விட்டுட்டு வர்றதா? நீங்கதான் சொல்லணும்.”

பாவாயி சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் காதில் விழுமே என்று தனக்கோடிக்குத் தோன்றவில்லை. நல்ல மனிதர்தான், துக்கம் அவரை அப்படி ஆக்கியிருந்தது.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க, நானும் வர்றேன்.”

மடத்தில் ஒரு கார் இருந்தது. வெளிநாடு போன பக்தர் ஒருவர் விட்டுச் சென்றது. நாலு சிலிண்டர் இஞ்சின். சமமான சாலையில் சீராக ஓடும்போது அதில் இரண்டு சிலிண்டர் எரிவதைத் தானாக நிறுத்திக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம். ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள சின்னத் திரையில் ‘2’ என்று விழும்.

தனக்கோடிக்கு அது ஆகவே ஆகாது. முதல்முறை சத்தம் மாறியபோது வண்டி சாகப்போகிறது என்று பதறி ஓரம் கட்டினார். நன்றாக இருந்த பிளக்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாற்றினார். அடுத்த வாரம் மறுபடியும் மாற்றினார். சேலத்து மெக்கானிக் சிரித்துவிட்டு விஷயத்தை விளக்கிய பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. கியர் குச்சியை ஒரு படி கீழே இழுத்து வைத்தால் நாலும் எரிந்துகொண்டே இருக்கும் என்று கண்டுபிடித்து, அன்றிலிருந்து அப்படியே ஓட்டினார். வண்டி வருவது அரை மைலுக்கு முன்பே மடத்துக்குத் தெரிந்துவிடும்.

அன்றும் கத்திக்கொண்டேதான் கிளம்பியது. அம்மா முன்னால் உட்கார்ந்தார். பாவாயி பின்னால்.

“ஏன் ஐயா இவ்வளவு சத்தம்?”

“நாலும் எரியுதுங்கம்மா. அப்பத்தான் எனக்கு நிம்மதி.”

“இன்னிக்கு அது இஷ்டத்துக்கு விட்டுப் பாருங்களேன்.”

குருவின் பேச்சைத் தட்ட முடியாது. தனக்கோடி முகத்தைச் சுளித்தபடி குச்சியை மேலே தள்ளினார். சத்தம் இறங்கியது. சிறிது தூரத்தில் திரையில் ‘2’ விழுந்தது.

“இப்ப ரெண்டு நின்னுபோச்சா?”

“நிக்காதுங்க. எரியறது மட்டுந்தான் இல்ல. நடுவுல இருக்கற ரெண்டு பிஸ்டனும் மேலயும் கீழயும் போய் வந்துட்டேதான் இருக்கும்.”

“தீ இல்லாமயா?”

“ஆமாங்க. நாலும் ஒரே தண்டுல பூட்டினது. அந்த ரெண்டுக்கும் வால்வு சாத்திக்கும். வெளிய இருந்து ஒண்ணும் உள்ள போகாது, உள்ள இருந்து ஒண்ணும் வெளிய வராது. உள்ள கெடக்கற காத்தே அமுங்கும், விரியும்.”

அம்மா அவர் பக்கம் திரும்பினார். “ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை போய் வரும்?”

“இப்ப ரெண்டாயிரம் இருக்குதுங்க.”

“ரெண்டாயிரமா? ஒண்ணுகூட விட்டுப்போகாதா?”

“போகாதுங்க. அதுல ஒண்ணு இறுகி நின்னாலும் எரியறதும் சேர்ந்து நின்னுபோயிரும்.”

அம்மா தம் ஆச்சரியத்தை மறைக்கவில்லை. கையை முன்பலகையின் மேல் வைத்து அதன் அதிர்வைத் தொட்டுப் பார்த்தார். மெக்கானிக் சொன்னதையே திருப்பிச் சொல்லியிருந்தாலும், தாம் சொன்னதைத் தனக்கோடி இப்போதுதான் கேட்டார். நிமிடத்துக்கு இரண்டாயிரம் தடவை. இதையா செத்தது என்று நினைத்தோம்?

மலை தொடங்கியது. திரையில் இருந்த எண்ணைக் காணோம்.

“நாலும் வந்துருச்சா? எப்ப?”

“தெரியலீங்கம்மா. கண்ணு இமைக்கறதுக்குள்ள வந்துருக்கும்.”

பதிமூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பனி இறங்கியிருந்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவை அகலமாக வாங்கி, பாதியில் திணறி நின்றது. லாரியால் பின்னால் போக முடியாது. கார்தான் பின்வாங்க வேண்டும். பின்கண்ணாடி முழுக்கப் பனி. பின்னால் எதுவும் இருந்தால் கூவும் கருவி, ஈரத்தில் ஓயாமல் கூவியது. அந்த இடத்தில் சாலையோரக் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்ததை ஏறும்போதே தனக்கோடி பார்த்திருந்தார். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“எதுவுமே தெரியலீங்கம்மா,” என்றார்.

அம்மா இறங்கக் கதவைத் தொட்டார். அதற்குள் பின்கதவு திறந்து மூடியது.

பிறகு வண்டியின் பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டல் விழுந்தது.

வேனில் இருபது வருடம் அவர்களுக்கு அதுதான் வழக்கம். பிள்ளைகள் போடும் கூச்சலில் குரல் எடுபடாது. இரண்டு தட்டினால் வரலாம், ஒன்று தட்டினால் நில். தனக்கோடி யோசிப்பதற்குள் அவர் கால் பிரேக்கை விட்டது. இரண்டு தட்டல். வண்டி நகர்ந்தது. மறுபடி இரண்டு. இன்னும் கொஞ்சம். மறுபடி இரண்டு.

பிறகு ஓங்கி ஒன்று.

வண்டி நின்றது. லாரி உரசாமல் இறங்கிப் போனது. தனக்கோடி இறங்கிப் பின்னால் சென்று பார்த்தார். வண்டியின் பின்புறத்துக்கும் விளிம்புக்கும் ஒரு முழம். அந்த விளிம்பில், வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் பாவாயி நின்றிருந்தாள். அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தனக்கோடி பனியில் வாய்விட்டு அழுதுவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

மேலே சாலை சமமானது. இரண்டாகப் பிரியும் இடத்தில் அவர் வண்டியை நிறுத்தினார்.

“காப்பகத்துக்கு இடது பக்கம் போகணும். மடத்துக்குன்னா இங்கயே திருப்பணும். எந்தப் பக்கம் போறதுங்கம்மா?”

“என்னை ஏன் ஐயா கேக்கறீங்க? அக்கா பின்னாடிதானே இருக்காங்க. அவங்களக் கேளுங்க.”

“அவதான் பேச மாட்டாளுங்களே.”

“வளைவுல மட்டும் உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?”