துறைத்தலைவரின் பங்கு

கடல்பாசி ஆராயும் புது விரிவுரையாளர் ஜெபசெல்வியைத் துறைத்தலைவர் அருணகிரி கூப்பிட்டார்.

"ஆறு மாசத்துல வெளிநாட்டு இதழ்ல கட்டுரை வரலேன்னா உன் வேலை நிரந்தரமாகாது. முதல் பேரு என்னோடதா இருக்கணும்."

இதழின் விதிகளை ஒருமுறை வாசித்துவிட்டு, அவர் சொன்னபடியே அனுப்பினாள் ஜெபசெல்வி.

இதழிலிருந்து அருணகிரிக்கு மின்னஞ்சல் வந்தது. ஆய்வில் வேலை செய்தவர்களுக்கே ஆசிரியர் வரிசையில் இடம் என்பது எங்கள் விதி, இந்த ஆய்வில் நீங்கள் செய்த வேலை என்னவென்று நீங்களே எழுதி அனுப்புங்கள் என்றது.

இரண்டு நாள் பேனாவும் கையுமாக முழித்தார். கடல்பக்கம் போனதில்லை, பாசியைத் தொட்டதில்லை. கடைசியில் அவளிடமே கேட்டார்.

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"கட்டுரை என்னாச்சுன்னு தினமும் கேட்டீங்க, சார்."

அதையே கொஞ்சம் மெருகேற்றி, 'தொடர்ந்து ஊக்கப்படுத்தினேன்' என்று எழுதி அனுப்பினார்.

கட்டுரை வந்தது. முதல் பெயர் ஜெபசெல்வி. தன் பெயரைத் தேடித் தேடிக் களைத்த அருணகிரி, கடைசிப் பக்கத்து நன்றியில், படகோட்டிக்கு அடுத்ததாக அதைக் கண்டுபிடித்தார்.