ஒரு பெட்டியா, இரண்டு பெட்டியா

"பெருசா ஒண்ணு வாங்கவா மேடம், இல்ல சின்னதா ரெண்டா?"

பெர்னதெத் இன்னும் செருப்பைக் கழற்றி முடிக்கவில்லை. அதற்குள் தணிகாசலம் கேட்டுவிட்டார்.

அவர் கேட்டது சப்வூஃபரைப் பற்றி. பாட்டில் அடிவயிறு வரை அதிரும் கனத்த ஒலியை, அதாவது பேஸை, தனியாகத் தரும் பெட்டி அது. அவர் வீட்டு ஹாலின் மூலையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. போதவில்லையாம். இந்த ஆசாமிகளுக்கு எதுதான் போதும்?

பெர்னதெத் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போய் ஒலியைச் சரிசெய்து கொடுப்பவள். தணிகாசலத்தின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஊரில் ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்த அத்தனை பேரும் அவளைக் குரு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டம் அவளுக்குப் பிடிக்காது. காப்பி பிடிக்கும்.

தணிகாசலத்தின் மனைவி வடிவு காப்பி கொண்டுவந்து வைத்தார். உடனே சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

"இன்னும் எதுக்கு வாங்கணும்?" என்றாள் பெர்னதெத்.

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார்.

"இவளுக்காகத்தான். முன்னெல்லாம் சாயங்காலமானா ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேப்போம். இந்தப் பெட்டி வந்ததுலேருந்து வர்றதே இல்ல. தலை வலிக்குதுங்கிறா. அவ கண்ணாடி பவர்கூட மாத்திப் பாத்துட்டேன். சத்தம் இன்னும் நல்லா இருந்தா வருவா."

"வரலேன்னா?"

"தனியா கேக்க எனக்குப் பிடிக்கல மேடம்."

சொல்லும்போதே அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏதாவது போடுங்க" என்றாள் பெர்னதெத்.

தவில் கச்சேரி ஒன்றைப் போட்டார். சோபாவின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தார். சோபாவிலேயே அவருக்கு இரண்டு பக்கமும் இசைத்தட்டுகள் அடுக்கியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டார். வேறு உலகத்துக்குப் போய்விட்டார்.

பெர்னதெத் சட்டென்று நிறுத்தினாள்.

ஹால் அமைதியானது. ஆனால் சமையலறையில் ஏதோ பாத்திர மூடியின் மேல் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. டக், டக். பிறகு அதுவும் நின்றது.

தணிகாசலம் கண்ணைத் திறந்தார்.

"கேட்டுக்கிட்டா இருக்கா?"

பெர்னதெத் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள்.

"அவங்க வந்தா எங்க உக்காருவாங்க?"

ஜன்னலோர நாற்காலியைக் காட்டினார்.

"அதுல போய் உக்காருங்க."

"அங்கேருந்து என்ன மேடம் தெரியும்? நடுவுல உக்காந்தாத்தானே..."

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். அவள் மறுபடி போட்டாள்.

அதே தவில்தான். ஆனால் இங்கே ஒரு அடிகூட அடியாக விழவில்லை. ஒவ்வொன்றும் ஊம் என்று இழுத்துக்கொண்டு மண்டைக்குள் புகுந்து அங்கேயே நின்றது. பின்னந்தலை விண்விண்ணென்று தெறித்தது. காதைப் பொத்திப் பார்த்தார். பிரயோஜனமில்லை.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

நிறுத்தினாள்.

"சத்தத்தைக் கூட்டிட்டீங்களா?"

"தொடவே இல்ல சார். சுவத்துல பட்டுத் திரும்புற பேஸ் இந்த இடத்துல வந்து சேருது."

தணிகாசலம் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பெட்டி வந்த பிறகு அந்த நாற்காலியில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணாடி பவரை மாற்றினாராம், பெரிய மனிதர்.

"பெருசா ஒண்ணு வாங்கி இதே மூலையில வெச்சா?"

"உங்க இடத்துல இன்னும் பிரமாதமா இருக்கும். இங்க இன்னும் மோசமா இருக்கும்."

"சின்னதா ரெண்டு?"

"எதிரெதிர் பக்கமா வெச்சா எல்லா இடத்துலயும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேக்கும். ஆனா நடுவுல இப்ப உங்களுக்குக் கிடைக்கிற சுகம் கொஞ்சம் குறையும்."

தணிகாசலம் சோபாவின் நடுவைப் பார்த்தார். மெத்தை அவர் அளவுக்குக் குழிந்திருந்தது.

"குறைஞ்சா குறையட்டும்" என்றார். "ரெண்டே வாங்கிடலாம்."

சொன்ன பிறகு அவருக்கே மனசு லேசாகிவிட்டது.

வடிவு சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

"ஒண்ணும் வாங்க வேணாம்" என்றார்.

ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நேரே சோபாவுக்குப் போனார். ஒரு பக்கத்து இசைத்தட்டுகளை அள்ளி எடுத்தார். எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு, நாற்காலியில் இருந்த தணிகாசலத்தின் மடியில் வைத்தார். பிறகு சோபாவின் அந்த ஓரத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாட்டைப் போடும்மா" என்றார் பெர்னதெத்திடம்.

தணிகாசலம் மடியிலிருந்த சுமையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வடிவு தன்னை ஒட்டிய இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"வாங்க. நடுவுல உக்காராதீங்க."