கல் பழகும் வரை

மனம் ஒரு குரங்கு என்பார்கள். நஞ்சப்பனுக்கு வாய்த்தது ஒரு கூட்டம். பவானி ஆற்றங்கரை ஆசிரமத்தில் அவன்தான் சமையல். பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவான். அப்படிப் போனதில் ஒருமுறை சமையற்கட்டின் கூரையே எரிந்தது. இன்னொரு தரம் நடந்தால் கரண்டி வேறு ஆளிடம் போகும் என்று சொல்லிவிட்டார்கள். சமையலை விட்டால் அவனுக்கு வேறு தவம் தெரியாது.

ஒரு காலை, குரு பாவாயி அம்மாவிடம் மாத்திரை அட்டையோடு வந்து நின்றான். அம்மா அவனைவிட வயதில் இளையவர்.

"இதைத் தூக்கி எறியப் போறேனுங்கம்மா."

"அடுப்பு?" என்றார் அம்மா.

"ஐயோ!" ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தான்.

"எதுக்கு எறியணும்?"

"கவனம் நிக்கறதுக்கு டாக்டர் மொதல்ல குடுத்த மாத்திரை அன்னைக்கே வேலை செஞ்சுதுங்க. ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அதனால இதுக்கு மாத்தினார். இது மெதுவாத்தான் பிடிக்கும், விடாம சாப்பிடுன்னார். மூணு வாரமாச்சு, ஒண்ணையும் காணோம். நான் தேற மாட்டேனுங்கம்மா."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புது இரும்புக் கல்லுல எனக்கு ஒரு தோசை ஊத்திக் கொண்டா" என்றார் அம்மா.

கொண்டுவந்தான். தட்டில் கிடந்ததைத் தோசை என்று சொல்வது பாவம்.

"அந்தக் கல்லைத் தூக்கி எறி."

நஞ்சப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்ல கல்லுங்கம்மா! இன்னும் பழகல. தினமும் எண்ணெய் தேய்ச்சு சூடு காட்டணும்."

"ஒரே நாள்ல மொத்த எண்ணெயையும் ஊத்திட்டா?"

"பிசுக்குத்தான் பிடிக்கும்."

"எத்தனை தேய்ச்சும் பழகலேன்னா?"

"செஞ்ச ஆசாரிகிட்டயே கொண்டுபோய்க் காட்டணும். நாமளா எறியக்கூடாதுங்க."

கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். அதை மடியில் செருகிக்கொண்டான்.

"பாத்துடறேனுங்க" என்று எழுந்து போனான்.

அன்றிலிருந்து விடியலில் தனக்கு மாத்திரை, அப்புறம் கல்லுக்கு எண்ணெய். தோசை ஒட்டியது. சுரண்டினான், மறுபடி தேய்த்தான். "இன்னைக்கும் பிச்சுப் போட்ட தோசைதானா?" என்று பந்தியில் முணுமுணுத்தார்கள். அவன் விடவில்லை.

ஒரு நாள் முழுத் தோசையைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தான்.

"அம்மா, கல்லு பழகிடுச்சு!"

"அடுப்பு?"

"அணைச்சுட்டுத்தான் வந்தேனுங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

அம்மா தோசையில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கும் எண்ணெய் தேய்."