பெரியப்பாவின் நோட்ஸும் புதுப்படமும்

"ஊரே போனில் இறக்கிப் பார்க்குது, உன் வீட்டில் மட்டும்தான் புதுப்படத்துக்கு நீதிபோதனை வகுப்பு!"

இப்படிச் சத்தம் போட்டவர் என் கணவரின் அண்ணன் அருள்தாஸ். டியூஷன் சென்டர் நடத்தும் பெரிய மனிதர். அவர் அச்சடித்து விற்கும் நோட்ஸில் பக்கத்துக்குப் பக்கம் 'ஜெராக்ஸ் எடுத்தால் வழக்கு' என்று மிரட்டல் வேறு. திருட்டுப்படம் கூடாதென்று பிள்ளைக்கு நான் சொல்லி வைத்ததெல்லாம் அவர் வாயால் காற்றில் பறந்தது. மூத்தவராயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீ இறக்கு ஷெரின். அம்மாவை நான் பார்த்துக்கிறேன்" என்று என் மகளை ஏவினார்.

ஏழாம் வகுப்புக்காரி போனை எடுத்தாள். "சரி பெரியப்பா. படம் வர்ற அந்த குரூப்பில் சேரணும்னா நாமும் ஏதாவது போடணுமாம். உங்க நோட்ஸை போட்டோ எடுத்துப் போடவா?"

"அடியே! அது என் உழைப்புடி! திருட்டு இல்லையா அது?"

"அப்போ இந்தப் படத்தை யாரும் உழைச்சு எடுக்கலையா பெரியப்பா?"

மனிதர் செருப்பை மாட்டினார். அன்று மாலை எல்லோருக்கும் தியேட்டர், அவர் செலவில். மூத்தவரிடம் நான் சொல்ல முடியாததை ஒரே கேள்வியில் அவர் மண்டையில் ஏற்றிவிட்ட மகளின் கையை நன்றியோடு பிடித்துக்கொண்டேன்.

இடைவேளை முடிந்ததும் பெரியப்பா மெல்லக் குனிந்தார். "கண்ணு, நோட்ஸ் எதையும் அனுப்பிடலையே? சொல்லிடும்மா."

ஷெரின் பாப்கார்னை வாயில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தாள்.