விரல் விரித்த இலை

"அம்மா, உங்கட பேஸ்மென்ட்டில கஞ்சா வளருது."

மயிலாத்தா சட்டி துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஆமாங்ணா," என்றாள்.

அருளம்பலம் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பாள், எவனோ கொண்டுவந்து வைத்துவிட்டான் என்பாள், அப்படியா என்று வாயில் கை வைப்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் படியேறி வந்தார். ஆமாம் என்றால் என்ன சொல்வது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கனடாவுக்கு வந்து தலை நரைத்தவர். அவள் கோபிப் பக்கத்துக்காரி, அவருக்கு மகள் வயசு. ஆனாலும் அவர்தான் அவளை அம்மா என்பார். கனடாவில் அந்த ஊர்த் தமிழர்கள் மனசு சரியில்லை என்றால் மயிலாத்தா வீட்டுக்குத்தான் போவார்கள். கேள்வியோடு போகிறவர்களில் பாதிப் பேருக்குப் பதில் கிடைக்காது, ஒரு கட்டுக் கீரைதான் கிடைக்கும். ஆனால் போனவர்கள் தெளிந்துதான் திரும்புவார்கள்.

அருளம்பலம் தீட்சை கேட்டுப் போனார். கீழே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

கீழே போனவர் சொக்கிப் போனார். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே ஊதா விளக்கடியில் கொத்தமல்லி, வெந்தயம், வல்லாரை, துளசி, குட்டைக் கத்தரி, பச்சை மிளகாய். மின்விசிறிக் காற்றில் எல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றன. அலமாரித் தட்டில் ஒரு முருகன் படத்தை வைத்து, அங்கேயே உட்கார்ந்து ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டார்.

அந்த நிம்மதியில்தான் இன்றைக்கு மண் விழுந்தது.

கதவோரத் தொட்டியில் ஒரு செடி. முதலில் சாதாரண இலையாகத்தான் விட்டது. வளர வளர விரல் விரித்தது. விரல் ஓரமெல்லாம் ரம்பப் பல். அந்த இலையைத் தெரியாதவர் அந்த ஊரில் யார்? கடைப் பலகையில் இருக்கிறது, பையன்களின் சட்டையில் இருக்கிறது. அதற்கா இத்தனை நாள் தன் கையால் தண்ணீர் ஊற்றினோம் என்று அவருக்கு வேர்த்துவிட்டது.

"உங்களை அது என்ன பண்ணுச்சுங்ணா?" என்றாள் மயிலாத்தா.

ஒன்றும் பண்ணவில்லைதான். ஆனால் அதைக் கண்டதிலிருந்து மந்திரம் நாக்கில் நிற்கவில்லை, அதன் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிட்டுத்தான் வந்தேன் என்றார்.

அதைக் காண்பதற்கு முன்னே மனசு எப்படி இருந்தது என்று கேட்டாள்.

அப்போது அருமையாக இருந்ததாம். மூலையில் நிற்கிற மருக்கொழுந்துப் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த வாசத்துக்கே மனசு கிணற்றுத் தண்ணீர் மாதிரி அடங்கிவிடுமாம். தினமும் விடிய ஒரு கொத்து கிள்ளி முருகனுக்கும் வைத்து வந்தாராம்.

மயிலாத்தா சட்டிப் பக்கம் குனிந்துகொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள், தன் சொல் சுட்டுவிட்டது என்று அருளம்பலம் நினைத்தார். அந்தத் தைரியத்தில் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"அது இருந்தா நான் இல்லை, அம்மா. தீட்சையும் வேண்டாம்."

"அப்பப் புடுங்கிருங்க. எதுன்னு நல்லாத் தெரியுமுங்களா?"

"குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார். வேரோடு பிடுங்கினார். செய்தித்தாளில் சுற்றி, உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு வந்தார். குப்பைக்குப் போட்டால் யாராவது பார்ப்பார்களோ, எரித்தால் புகை வருமோ என்று அவர் தவித்துக்கொண்டு நிற்க, மயிலாத்தா அதை வாங்கி, இலையை உருவி, அலசி, அடுப்பில் வைத்துவிட்டாள்.



பூண்டு போட்டாள். வரமிளகாய் கிள்ளிப் போட்டாள். வெந்ததும் மத்தால் கடைந்தாள். சோற்றில் பிசைந்து வாயில் போட்டாள். அருளம்பலம் அவள் கண்ணையே பார்த்தார், எப்போது சிவக்கும் என்று. சிவக்கவில்லை. அடுத்த உருண்டையை உருட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் சின்ன மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

அவ்வளவுதான். பாய்ந்து தட்டைப் பறித்துவிட்டார் மனிதர்.

குழந்தை வீடதிரக் கத்தியது. "மாமா என் புளிச்சகீரையப் புடுங்கிட்டாரும்மா."

தட்டைப் பிடித்த கையெல்லாம் பச்சைக் கடைசல். அருளம்பலம் அதைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். மெல்ல விரலை நாக்கில் வைத்தார்.

புளித்தது.

பல் கூசுகிற புளிப்பு. அவர் ஊரில் இந்தக் கீரையைக் கண்டதில்லை. எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூட இதைத் தெரியும், இலைதான் அப்படி விரல் விரித்துக்கொண்டு ஆளை மிரட்டும் என்று மயிலாத்தா சொன்னாள்.

அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. கூடவே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. தட்டைக் குழந்தையிடம் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தும்விட்டார். இந்த வீட்டில் அந்தக் கண்றாவி இல்லவே இல்லை, நான்தான் மடையன் என்றார்.

"இருக்குதுங்ணா," என்றாள் மயிலாத்தா.

சிரிப்பு அப்படியே நின்றது.

"மூலையில நிக்கிறதுதானுங்க அது. பூவுக்கு வெளிச்சம் படட்டும்னு பெரிய இலையெல்லாம் நான் கிள்ளிப்போட்டேன். நீங்க மருக்கொழுந்துன்னீங்க. சரி, சாமிக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

அருளம்பலம் தன் வலது கையை மூக்கருகே கொண்டுபோனார். காலையில் கிள்ளிய வாசம் நகக்கண்ணில் இன்னும் இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் மற்றதையும் சொன்னாள். மாடியறையில் படுத்திருக்கும் அவள் வீட்டுக்காரருக்கு முதுகெலும்பில் கட்டி என்பது அருளம்பலத்துக்கும் தெரியும். வலி வந்தால் துடித்துப்போவார். டாக்டர் சொல்லி, சட்டம் விட்ட அளவுக்குத்தான் அந்தச் செடி. பூவைக் காயவைத்து எண்ணெய் இறக்கிக் கொடுத்தால்தான் கண்ணயர்வார். முருகனுக்கு வைத்த கொத்தையும் சாயங்காலம் எடுத்துக் காயப்போட்டுவிடுவாளாம், ஒன்றும் வீணாகவில்லையாம்.

தினமும் மாடியறையில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து தேவாரம் படிக்கிறவர் அருளம்பலம்தான். பதிகம் முடிவதற்குள் அந்த மனிதர் தூங்கிப்போவார். தன் குரலுக்குத்தான் தூங்குகிறார் என்று அருளம்பலம் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"அம்மா, நான் அதை முருகன்ர தலையில வைச்சனே."

"சாமி ஏதாச்சும் சொன்னாருங்களா?"



மயிலாத்தா கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "அது இருந்தா நீங்க இல்லைன்னீங்க. இப்ப எதுன்னு தெரிஞ்சுபோச்சு. போய்ப் புடுங்கிட்டு வாங்க. நான் தடுக்க மாட்டேன்."

அருளம்பலம் படியிறங்கிப் போனார்.

கீழேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. குழந்தை சாப்பிட்டு முடித்தது. அடுப்பு ஆறியது. மாடியில் வீட்டுக்காரர் ஒருமுறை இருமிப் புரண்டு படுத்தார்.

ரொம்ப நேரம் கழித்து ஏறி வந்தார். இரண்டு கையும் வெறுங்கை. முகம், அடி வாங்கின ஆள் முகம்.

"புடுங்கலீங்களா?"

"எதைப் புடுங்கிறதெண்டு தெரியேல்லை, அம்மா."

மயிலாத்தா பாயை எடுத்து உதறிப் போட்டாள்.

"உக்காருங்ணா. தீட்சைய இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."